பெர்லினில் ரயில் முடியும் இடம் வரை போய்ப் பாருங்கள்

தம்பி,

அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்கு பெர்லின் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ரூம் எப்படிப் பிடிப்பது, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, நம்ம ஊர்ச் சாமான் எங்கே வாங்குவது, கூட்டம் போகாத இடங்களாக நாலைந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "பிராண்டன்பர்க் வாசலும் சுவரும் பார்த்தால் பெர்லின் முடிந்தது, அப்புறம் பாரிஸ், பிராக் என்று கிளம்பிவிடலாம் என்று சீனியர் சொல்கிறார், அப்படியா அக்கா?" என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இல்லை, அந்த சீனியர் மேல். அதனால் இந்தக் கேள்விக்குத்தான் விரிவாக எழுதப்போகிறேன். மற்றதை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ரூம்: மாணவர் விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி தபாலில் வரும்" என்று சொல்பவன் ஏமாற்றுக்காரன், அதில் சந்தேகமே வேண்டாம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. அதைத் தர மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம். வேலை: வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது இப்போதைய விதி. முதல் செமஸ்டரில் வேலைக்கு ஓடாதீர்கள். சாமான்: பெட்டி நிறையப் பருப்பைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இங்கே இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. கீரையும் பச்சைப் பப்பாளியும் வேண்டுமென்றால் லிஷ்டென்பெர்க்கில் வியட்நாம்காரர்களின் டோங் ஷுவான் மொத்தச் சந்தைக்குப் போங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வந்தது 2006 அக்டோபரில். திருச்சி பொன்மலையிலிருந்து கிளம்பி வந்தேன். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். அழைத்துப்போக வருவதாகச் சொன்ன சீனியர் வரவில்லை. டீகல் என்ற விமான நிலையம் அப்போது இருந்தது, 2020-ல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து பெட்டியோடு பஸ் ஏறி, வெட்டிங் பகுதியில் உள்வாடகைக்குப் பேசியிருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டில் ஹீட்டர் கிடையாது. மூலையில் ஓடு பதித்த நிலக்கரி அடுப்பு ஒன்று நின்றது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் மிச்சம் இருந்தன. நிலவறையிலிருந்து கரிக்கட்டி சுமந்து வந்து பற்றவைக்க வேண்டும். எப்படி என்று சொல்லித்தர ஆளில்லை. அறையை விட்டவர் ஒப்பந்தத் தாள் எதுவும் கொடுக்கவில்லை. டிசம்பரில் "இடம் வேண்டும், காலி செய்" என்றார். முன்பணம் இன்று வரை திரும்பி வரவில்லை. மேலே ரூம் பற்றி இவ்வளவு கறாராக எழுதியதற்குக் காரணம் இதுதான்.

அந்த மாதங்களில் என்னிடம் இருந்த ஒரே சொத்து, மாணவர்களுக்குக் கிடைக்கும் பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட். ஊரைச் சுற்றி ரிங்பான் என்று ஒரு ரயில் ஓடுகிறது. 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், கோயில் பிராகாரம் போல ஒரு முழுச் சுற்று. ஏறிய இடத்துக்கே திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே கதகதப்பாக இருக்கும். குளிருக்கு ஒதுங்கத்தான் அதில் ஏறினேன். மடியில் நோட்டை வைத்துப் படித்துக்கொண்டே சுற்றுவேன். ஜன்னல் வழியே ஓரிடத்தில் துறைமுகப் பாரந்தூக்கிகள் தெரியும், ஓரிடத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கி, ஓரிடத்தில் வரிசை வரிசையாகக் குட்டித் தோட்டங்கள். ஒரு நாள் "இது என்ன இடம்?" என்று இறங்கிப் பார்த்தேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஏதாவது ஒரு லைனில் ஏறுவது, பெயர் தெரியாத நிலையத்தில் இறங்குவது, இருட்டுவதற்குள் திரும்புவது. பெர்லினை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். ஒரு வழிகாட்டிப் புத்தகம்கூட அப்போது என்னிடம் இல்லை.

அப்படிக் கிடைத்ததுதான் சூட்கெலேண்டே. சூட்க்ராய்ட்ஸ் நிலையத்திலிருந்து தெற்கே ஒரே ஒரு நிறுத்தம், ப்ரீஸ்டர்வேக். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாசல். ஒரு காலத்தில் அது ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய ஷண்டிங் யார்டு. போருக்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிளந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. மேற்கு பெர்லினில் இருந்த தண்டவாளங்களும் கிழக்கு ஜெர்மன் ரயில்வேயின் கையில்தான் இருந்தன. மண் ஒரு அரசிடம், இரும்பு இன்னொரு அரசிடம். 1952-ல் அந்த யார்டில் வேலை நின்றது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு நடுவே பூர்ச்ச மரங்கள் முளைத்துக் காடாகிவிட்டது. 1980-களில் அதை அழித்துப் புதிய சரக்கு நிலையம் கட்ட வந்தபோது அக்கம்பக்கத்து மக்கள் சேர்ந்து தடுத்தார்கள். 2000-ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். 18 ஹெக்டேர். 50 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, ரயில் இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள், 1940-ல் செய்த ஒரு நீராவி இன்ஜின் எல்லாம் அப்படியே நிற்கின்றன. காட்டின் உட்பகுதியில் தரைக்குச் சற்று மேலே இரும்புக் கம்பிப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் செடியும் பூச்சியும் மிதிபடக் கூடாது என்று. அதை விட்டு இறங்காதீர்கள்.

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். 1928-ல் தொடங்கிய அந்த ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் பொழுது விடியும். அந்த இன்ஜினைப் பல கோணத்தில் படம் எடுத்துத் தபாலில் அனுப்பினேன். வெளிநாட்டுக்குப் போன மகள் அரண்மனையும் பனியும் அனுப்புவாள் என்று எதிர்பார்த்த வீட்டில், துருப்பிடித்த இன்ஜின் படம் போய் இறங்கியது. அப்பா போன் செய்தார். ஊரில் இருந்த வரை அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. பாயிலர் எப்படி, சக்கரம் எத்தனை, கனெக்டிங் ராடு கழற்றிவிட்டானா இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் தெரியாததால் அடுத்த ஞாயிறு திரும்பப் போய்ப் பார்த்து வந்து சொன்னேன். அதன் பிறகு எங்கே போனாலும் அவருக்காக இரும்பையும் பாலத்தையும் படம் எடுப்பது வழக்கமாயிற்று. பிராண்டன்பர்க் வாசல் முன்னால் நின்று எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே குட்டித் தோட்டக் குடியிருப்புகள் இருக்கின்றன. பெர்லினில் இப்படிச் சுமார் 70,000 தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குடில், நாலு பழ மரம், காய்கறிப் பாத்தி. நடுவில் போகும் பாதைகள் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது, பகலில் நடக்கலாம். வேலிக்கு உள்ளே இருப்பது அவரவர் இடம். கையை நீட்டி ஆப்பிள் பறிப்பதும், வேலிக்கு மேலே போனை உயர்த்திப் படம் எடுப்பதும் கூடாது. ஒரு செப்டம்பரில் நான் அங்கே நடந்து போகையில் ஒரு பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பை நிறைய ப்ளம்ஸ் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கொஞ்சம் எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இறந்த பிறகும் அந்தத் தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் ஜெர்மன் இன்று அலுவலகத்தில் வாதாடும் அளவுக்கு இருக்கிறது என்றால், அதில் பாதி வகுப்பில் கற்றது, மீதி அந்தப் பாட்டியோடு களை பிடுங்கிக் கற்றது. ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம் என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்வார்கள். சமாளிக்கலாம், ஆனால் ப்ளம்ஸ் கொடுக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

இப்போது எச்சரிக்கைகள். இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலில் டிக்கெட். இங்கே நிலையத்தில் கேட் இல்லை. அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம் பையன்கள் நினைத்துவிடுகிறார்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. மெஷினில் வாங்கிய காகித டிக்கெட்டில் ஏறுவதற்கு முன் முத்திரை அடிக்காவிட்டாலும் அதே 60 யூரோதான். "புதுசா வந்திருக்கேன்" என்றால் கேட்க மாட்டார்கள். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் அது கிரிமினல் வழக்கு. விசா நீட்டிக்கப் போகும்போது வழக்கு நிலுவையில் இருப்பது எவ்வளவு தலைவலி என்று அனுபவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் செமஸ்டர் டிக்கெட் எந்த எல்லை வரை செல்லும் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வெளிச்சம். அக்டோபர் வந்ததும் பொழுது வேகமாகக் குறையும். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். காட்டுக்கோ ஏரிக்கோ போவதானால் காலையில் கிளம்புங்கள். ஊருக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பது சகஜம். திரும்பும் பஸ் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே கிடந்து மனம் சோர்ந்துபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் இருக்கிற ஏழெட்டு மணி நேரத்தில் ஒரு மணியாவது வெளியே நடங்கள். இது ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டும் சொல்வதில்லை.

மூன்றாவது காடும் புல்லும். கோடையில் உண்ணிகள் இருக்கும். கடித்தால் லைம் நோய் வரலாம். முழுக்கால் பேண்ட் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் சின்னச் சாமணத்தால் உடனே எடுக்க வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் ஜெர்மன்காரர்கள் கூடையோடு காளான் பறிக்கப் போவார்கள். அதைப் பார்த்து நீங்களும் பறிக்காதீர்கள். தங்கள் ஊரில் தின்கிற காளான் மாதிரியே இருக்கிறது என்று நம்பிப் பறித்துச் சமைத்து, ஈரல் கெட்டுப்போன வெளிநாட்டவர்கள் உண்டு.

நான்காவது தண்ணீர். ஏரிகள்தான் இந்த ஊரின் பெரிய செல்வம். ஷ்லாஹ்டென்ஸே, க்ரும்ம லாங்க போன்ற ஏரிகளுக்கு ரயிலில் போய் இறங்கி நடந்தே போய்விடலாம். ஆனால் நீச்சல் தெரியாத நம் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க் குதிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று இறங்கும், அடியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். முதலில் நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். நான் இங்கே வந்துதான் கற்றேன். இப்போது மே முதல் செப்டம்பர் வரை ஏரியில்தான் நீந்துகிறேன். சில கரைகளில் ஆணும் பெண்ணும் உடையில்லாமல் குளிப்பார்கள், வயதானவர்களும் குடும்பங்களும்தான் அதிகம். அது இங்கே நெடுநாள் வழக்கம். உற்றுப் பார்க்காதீர்கள், சிரிக்காதீர்கள், போனை வெளியே எடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் நம்மவர்களால் எனக்குப் பலமுறை தலைகுனிவு ஏற்பட்டிருக்கிறது. அப்புறம், குளிர்காலத்தில் ஏரி உறைந்திருந்தால், நூறு பேர் மேலே நடந்தாலும் நீங்கள் கால் வைக்காதீர்கள்.

ஐந்தாவது, மனிதர்கள். கிழக்குப் பக்கம் போகாதே, மார்ட்ஸான் போகாதே, அடிப்பார்கள் என்று வந்த முதல் வாரத்திலேயே யாராவது பயமுறுத்துவார்கள். அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போனதே இல்லை. இனவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. முகத்துக்கு நேராக வசவு வாங்கியிருக்கிறேன், ஓடும் ரயிலில். நேரம் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். கால்பந்து ஆட்டம் முடிந்த இரவு ரயிலிலும், குடித்துவிட்டுக் கத்தும் கூட்டம் இருக்கும் பெட்டியிலும் ஏறாதீர்கள். தனியாக இருந்தால் டிரைவருக்கு அடுத்த முதல் பெட்டியில் உட்காருங்கள். ஏதாவது நடந்தால் 110-ஐக் கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பயத்தில் பாதி ஊரையே விட்டுவிடக் கூடாது. மார்ட்ஸானில்தான் உலகத் தோட்டங்கள் இருக்கின்றன. சீனத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், கண்ணாடிக் கூரைக்குள் ஈரப்புழுக்கத்தோடு ஒரு பாலித் தீவுத் தோட்டம். ஜனவரியில் அந்தப் புழுக்கத்துக்குள் போய் மூச்சை இழுத்தால் கண்ணில் தண்ணீர் வரும், ஊர் மண் வாசனை அப்படியே வரும்.

நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து வருடம் பெர்லினில் இருந்து, வீடு வாங்கி, குடியுரிமையும் வாங்கியவர்களில் பலருக்கு அலுவலகம், மளிகைக் கடை, விமான நிலையம் மூன்றும்தான் தெரியும். விடுமுறையில் பத்து நாடு போவார்கள். தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எங்கே போகிறது என்று தெரியாது. படிக்க வருபவர்களும் இவர்களைப் பார்த்து மலிவு விமானத்தில் வார இறுதிக்கு மூன்று ஊர் என்று நாடுகளை எண்ண ஆரம்பிக்கிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உண்டு.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் இன்னொன்று. இப்போது ஐடி வேலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு, இந்த ஊருக்குத் தமிழ் எப்படி வந்தது என்று தெரியும்? ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸ நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டடம் இருக்கிறது. கண்ணீர் மாளிகை என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 1962-ல் கிழக்கு ஜெர்மனி கட்டிய வெளியேறும் கூடம் அது. மேற்கே திரும்புபவர்களை உறவினர்கள் அங்கே நின்றுதான் அழுது வழியனுப்பினார்கள். 2011 முதல் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஜெர்மானியர்களின் கதை மட்டும். ஆனால் 1980-களில் இலங்கையில் கலவரத்துக்கும் போருக்கும் தப்பிய தமிழர்கள் ஏராளமானோர் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸ நிலையம் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். மேற்குத் தரப்பு அந்த எல்லையை எல்லை என்றே ஒப்புக்கொள்ளாததால் அங்கே பாஸ்போர்ட் பரிசோதனை வைக்கவில்லை. அந்த இடைவெளிதான் பல உயிர்களைக் காப்பாற்றியது. 1985-ல் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலால் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு இந்த வழியை அடைத்தது.

நான் மளிகை வாங்கும் கடைக்கார அண்ணை ஒருமுறை அங்கே என்னோடு வந்தார். சாவடி மாதிரிக் குறுகலான பரிசோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் நின்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தங்கச்சி, இந்த ஸ்டேசனாலதான் நான் வந்தனான். கையில ஒரு பாக், ஒரு மேல்விலாசம், வேற ஒண்டும் இல்லை. ரயில் எந்தப் பக்கம் போகுதெண்டே தெரியாது" என்றார். செமஸ்டர் டிக்கெட்டும் அட்மிஷன் கடிதமும் விசாவுமாக வந்திறங்கிய நான், என் முதல் குளிர்காலத்தைக் கஷ்டம் என்று சொல்லிக்கொள்வதை அன்றோடு குறைத்துக்கொண்டேன். நீங்கள் வந்த மாதத்திலேயே அங்கே போங்கள். அப்புறம் அந்தக் கடைகளில் பொருள் வாங்கும்போது ஒரு வணக்கம் சேர்த்துச் சொல்வீர்கள்.

இலங்கைத் தமிழர்கள் எழுப்பியதுதான் பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயில். 2013-ல் குடமுழுக்கு நடந்தது. ஏழாம் எண் ஊ-பானில் (சுரங்க ரயிலில்) ப்ளாஷ்கோ அலே நிறுத்தம். வெள்ளிக்கிழமை கும்பிட்டுவிட்டு உடனே ரயில் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே குதிரைலாடக் குடியிருப்பு. ப்ரூனோ டவுட் என்ற கட்டடக் கலைஞர் 1925 முதல் கட்டியது. சாதாரணத் தொழிலாளர்களுக்கும் வெளிச்சமும் காற்றும் தோட்டமும் வேண்டும் என்று, ஒரு குளத்தைச் சுற்றி லாட வடிவில் வீடுகள், கதவுக்குக் கதவு வேறு நிறம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோயிலுக்கு வருஷக்கணக்காக வருபவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. அதே ஊ-பான் லைனில் திரும்பும் வழியில் ரிக்ஸ்டோர்ஃபையும் பார்க்கலாம். 1737-ல் மதத்துக்காக விரட்டப்பட்ட பொஹீமியாக்காரர்களுக்கு பிரஷ்ய மன்னர் கொடுத்த கிராமம் அது. நெரிசலான நொய்கோல்னுக்கு நடுவே கொட்டகையும் கல் பாவிய தெருவுமாக இன்னும் கிராமமாகவே இருக்கிறது. ரிஹார்ட்ப்ளாட்ஸ் என்று விசாரித்துப் போங்கள்.

ட்ரெப்டோ பூங்காவில் சோவியத் நினைவிடத்தோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆர்ஹென்ஹோல்ட் வானாய்வகம். 1896-ல் செய்த 21 மீட்டர் நீளத் தொலைநோக்கி கூரைமேல் பீரங்கி போல நீட்டிக்கொண்டிருக்கும். 1915-ல் ஐன்ஸ்டைன் சார்பியல் பற்றி பெர்லினில் முதல் பொதுச் சொற்பொழிவு ஆற்றிய இடம். பொறியியல் படிக்க வருகிறீர்கள், இதைப் பார்க்காமல் பட்டம் வாங்காதீர்கள். சூட்க்ராய்ட்ஸ் பக்கத்தில் இன்னொன்று: 1941-ல் ஹிட்லரின் வெற்றி வளைவை இந்த மண் தாங்குமா என்று சோதிக்கக் கட்டிய 12,650 டன் காங்கிரீட் உருளை. மண் தாங்கவில்லை, உருளை இறங்கிவிட்டது. உடைக்க முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

படகு கேட்டால் தனிக் காசு கொடுத்துச் சுற்றுலாப் படகில் ஏறாதீர்கள். வான்ஸேயிலிருந்து க்ளாடோவுக்கு எஃப் 10 படகு உங்கள் சாதாரண டிக்கெட்டிலேயே போகும், இருபது நிமிடம், குளிர்காலத்திலும் ஓடும். மனசு சரியில்லாத நாளில் நான் போகிற இடம் அதுதான்.

கடைசியாக ஒன்று. இது ஊருக்கு வெளியே, தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், வூன்ஸ்டோர்ஃப். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஜெர்மானியர்கள் அங்கே முகாமில் வைத்திருந்தார்கள். அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கலாம் என்று 1915-ல் மரத்தில் ஒரு பள்ளிவாசல்கூடக் கட்டிக் கொடுத்தார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்காகக் கட்டிய முதல் பள்ளிவாசல் அது, இப்போது இல்லை. மொழி ஆராய்ச்சியாளர்கள் வந்து அந்தச் சிப்பாய்களின் குரலைப் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகள் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் சேர்ந்தன. குளிரிலும் நோயிலும் இறந்தவர்களில் 206 பேர் ட்சேரன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் காட்டுக்குள் புதைந்திருக்கிறார்கள். சோவியத் ராணுவம் 1994-ல் வெளியேறும் வரை அங்கே யாரும் போக முடியாது. கல்லறைகளைச் சீரமைத்து 2005-ல் திறந்தார்கள். சீக்கியர், இந்து, முஸ்லிம் எல்லோரும் வரிசையாக. ஊரில் அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள்? நாம் பக்கத்தில் இருக்கிறோம். போக வேண்டும்.

போகும்போது முக்கியமாக: ரயில் நிலையத்திலிருந்து நல்ல தூரம் நடை, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள். அந்தக் காடு பல காலம் ராணுவப் பயிற்சி இடமாக இருந்தது, வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகைக்கு அந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

ஷூ, ஜாக்கெட் ஊரில் வாங்காதீர்கள், இங்கே பழைய சாமான் சந்தையில் நல்லதாகவே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் ரொட்டியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் எந்தப் பகுதியில் தங்குகிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து நடந்தே போகக்கூடியதாக நாலு இடம் சொல்கிறேன். ரான்ஸ்டோர்ஃபில் துடுப்புப் போட்டு ஆட்களை அக்கரை சேர்க்கிற எஃப் 24 படகு கோடையில்தான் ஓடும், அதற்கு மட்டும் அடுத்த வருடம் வரை பொறுத்திருக்க வேண்டும்.